கரண்ட் வண்டியா, நைட்ரோ வண்டியா

பங்குனி வெயிலில் உளுந்துச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் செருகியிருந்த செல்போன் அடித்தது. சிங்கப்பூரிலிருந்து கொழுந்தன். நான் கல்யாணமாகி வந்தபோது அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவன், இன்றைக்கும் எனக்கு அவன் அப்படித்தான். குனிந்த முதுகை நிமிர்த்துவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து அவன் கேட்டான்:

"அண்ணி, லீவுல வர்றப்ப அண்ணனுக்கு ஒரு ரிமோட் கார் வாங்கிட்டு வரலாம்னு இருக்கேன். கரண்ட்ல சார்ஜ் போட்டு ஓட்டுறதா, நைட்ரோ எண்ணெயில ஓடுறதா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. "ஏன் தம்பி, எனக்கு இருக்குற வேலை பத்தலன்னு பொம்மை காருக்கும் நான் ஆள் நிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் சிரித்தான். அண்ணன்காரனுக்கு மோட்டார் என்றால் எவ்வளவு பைத்தியம் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்த மோட்டார்தான் எங்கள் குடும்பத்தைப் புரட்டிப் போட்டது. என் வீட்டுக்காரர் பவர் டில்லரை வைத்துச் சேற்றுழவு முடித்துவிட்டு, வாய்க்கால் கரையில் பின்னுக்கு எடுத்தார். கரை சரிந்தது. டில்லர் இவர் மேல், இவர் வாய்க்காலுக்குள். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், இடுப்புக்குக் கீழே மட்டும் முழுதாகத் திரும்பக் கிடைக்கவில்லை. வலது கால் சொன்ன பேச்சைக் கேட்காது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்திலிருந்து கொல்லை வரைக்கும் போவார், வருவார். அதற்கு மேல் வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான்கு பேர் சேர்ந்து இவரை நாற்காலியோடு தூக்கித் தெருவழியே கொண்டு வந்தார்கள். தெருவே வாசலில் நின்று "ச்சூ, ச்சூ" கொட்டியது. அந்தச் "ச்சூ" இவர் காதை விட்டுப் போகவே இல்லை. வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்று கூப்பிட்டால், "என்னையப் பாடை மாதிரி தூக்கிட்டுப் போவணுமா? நீயே பாத்துக்க" என்பார். கெஞ்சினேன். திட்டினேன். பட்டுக்கோட்டையில் வாக்கப்பட்டிருக்கும் மகளை வரவழைத்து அழவைத்தும் பார்த்தேன். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை.

இது இவருடைய பிடிவாதத்தோடு போகிற விஷயமும் இல்லை. எங்கள் நிலம் சொந்தமில்லை, குத்தகை. இவருடைய அப்பா அதே நிலத்தில் பண்ணையாளாக இருந்தவர். கொடி பிடித்து, அடிபட்டு, ஒரு தடவை ஜெயிலுக்கும் போய், கடைசியில் தாலுகா ஆபீஸில் குத்தகைக்காரர் என்று தன் பெயரைப் பதிய வைத்தவர். அவருக்குப் பிறகு அந்தப் பதிவு இவர் பெயருக்கு வந்தது. நிலத்துக்காரர்கள் சென்னைக்குப் போய் இரண்டு தலைமுறை ஆயிற்று. ஊரில் அவர்களுக்காகக் குத்தகை நெல் அளந்து வாங்கிப் போக ஒரு காரியஸ்தர் உண்டு. பாபநாசத்திலிருந்து கும்பகோணம் ரோட்டோரமாக வயல்களை வீட்டுமனையாக விற்க மனைக்கல் ஊன்ற ஆரம்பித்த காலம் அது. எங்கள் வயலும் ரோட்டுக்குப் பக்கம். காரியஸ்தருக்குச் சொல்லவா வேண்டும்?

தை மாதம் களத்தில் நெல் அளக்க வந்தபோதே சொல்லிவிட்டுப் போனார். "ஏம்மா, பதிவுல இருக்குற ஆளு நெலத்துல நின்னு சாகுபடி பண்ணணும். உம் புருஷன் வயல்ல கால் வச்சு எத்தனை போகம் ஆச்சு? பேசாம குத்தகைய விட்டுட்டதா விடுதலை எழுதிக் குடுத்துடுங்க, பாத்துச் செய்வோம். இல்லன்னா உங்கள வெளியேத்தச் சொல்லி நாங்க மனுப் போடுற மாதிரி இருக்கும். அடுத்த சாகுபடிக்கு முன்னாடி வர்றேன், அவரையே கேட்டுக்குறேன்."

வீட்டுக்கு வந்து சொன்னால் இவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எழுதிக் குடுத்துடுவோம். யாருக்காக இழுத்துப் புடிக்கணும்?" என்றார்.

யாருக்காகவா? இரண்டு போகம் நான் ஒருத்தியாக நின்று பார்த்திருக்கிறேன். விடிவதற்கு முன்னால் எழுந்து இவரைச் சுத்தம் பண்ணி, கஞ்சி வைத்து, மாத்திரை எடுத்து வைத்து, அப்புறம் மடை திறக்க ஓடுவேன். முறைத் தண்ணீருக்காக மேல்மடைக்காரனோடு வாய்ச்சண்டை. நடவாட்களுக்கு டீயும் வடையும். அறுப்பு மிஷின்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிப்பான், அவனிடம் கெஞ்சல். அது முடிந்தால் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பி அனுப்பிய நெல்லை ரோட்டில் கொட்டிக் காய வைத்து, மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக் கிடப்பது. எல்லாம் முடித்து வீட்டுக்கு வந்தால், படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றக்கூடத் தெம்பு இருக்காது. எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இவர் வெளியே வந்து, வரப்பில் உட்கார்ந்து, "அங்க தண்ணி கட்டு, இங்க உரம் போடு" என்று ஆட்களை ஏவினால் போதும். நிலமும் தங்கும், என் முதுகும் கொஞ்சம் நிமிரும்.

சரி, கொழுந்தன் கதைக்கு வருகிறேன்.

"கரண்ட்டு வண்டியே வாங்கிட்டு வா தம்பி, நச்சு இல்லாம இருக்கும்" என்றுதான் முதலில் சொன்னேன். சொல்லிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் கரண்ட்டா? அரசாங்கம் டிவி கொடுத்தது, மிக்ஸி கொடுத்தது, கிரைண்டர் கொடுத்தது, மின்விசிறி கொடுத்தது. கரண்ட் மட்டும் கொடுக்க மறந்துவிட்டது. ஆட்சி மாறியது, படம் ஒட்டின டப்பா மாறியது, மத்தியானம் விசிறி மட்டைதான். கொழுந்தனும் அதையே யோசித்தான் போலிருக்கிறது.

"கரண்ட் கட்டுதான் யோசனையா இருக்கு அண்ணி. ஆனா கரண்ட்டு வண்டியில சௌகரியம் ஜாஸ்தி. சத்தம் கெடையாது, புகை கெடையாது. அண்ணன் உக்காந்த எடத்துல வீட்டுக்குள்ளயே ஓட்டிக்கலாம். நைட்ரோன்னா தனி எண்ணெய் வாங்கணும், கயித்த இழுத்து ஸ்டார்ட் பண்ணணும், ஓட்டி முடிச்சா தொடைச்சு, உள்ள எண்ணெய் விட்டு வைக்கணும். காது கிழியுற சத்தம். அந்தப் புகையோட வீட்டுக்குள்ள வச்சு ஓட்ட முடியாது, வெட்டவெளிக்குத்தான் தூக்கிட்டுப் போவணும்."

உளுந்துச் செடி கையில் அப்படியே நின்றது. "என்ன சொன்ன? வீட்டுக்குள்ள ஓட்டவே முடியாதா?"

"முடியவே முடியாது அண்ணி."

"அப்ப அதையே வாங்கிட்டு வா."

"அண்ணி, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேலை அதிகம். அவ்வளவும் உங்க தலையிலதான் விடியும்."

"எது என் தலையில விடியல? நீ வாங்கிட்டு வா" என்று போனை வைத்தேன். ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் கரண்ட் கட்டுக்காகத்தான் எண்ணெய் வண்டி என்று சொன்னேன். எல்லோரும் நியாயம்தான் என்றார்கள்.

சித்திரையில் வந்து இறங்கினான். விமானத்தில் அந்த எண்ணெயை ஏற்ற விடமாட்டார்கள் என்பதால், வண்டியை மட்டும் பெட்டியில் கொண்டுவந்து, எண்ணெயைச் சென்னையில் ஒரு கடையில் வாங்கி வந்திருந்தான். பெரிய பூனை அளவு வண்டி. நான்கு தடித்த சக்கரம், நடுவே நிஜமான குட்டி இன்ஜின், கார்பரேட்டர், புகைக்குழாய் எல்லாம் இருந்தன. இவர் மடியில் வைத்தான். இவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல் மட்டும் தானாகப் போய் கார்பரேட்டர் திருகைத் தொட்டது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் கொல்லையில் வைத்து ஸ்டார்ட் பண்ணினார்கள். அம்மாடி! அந்தச் சத்தத்துக்குக் கட்டியிருந்த கன்று முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. விளக்கெண்ணெய் கருகின வாசத்தோடு நீலப் புகை வீடு முழுக்க நிரம்பியது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏண்டி, வீட்டுக்குள்ளயே மருந்தடிக்கிறீங்களா? கொழந்த தூங்குது, கொண்டு போயி வயக்காட்டுல வச்சுக்கங்களேன்" என்று கத்தினாள். அவளுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

இவர் வண்டியை நிறுத்தச் சொன்னார். அதோடு சரி. அதைத் துணியில் துடைத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை, கொழுந்தனையும் திறக்க விடவில்லை. சில நாள் அப்படியே போயிற்று. ஒரு சாயங்காலம் இவராகவே, "வயல்ல உளுந்து எல்லாம் எடுத்தாச்சுல்ல?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு. தரையெல்லாம் காஞ்சு கெடக்கு."

"வெடிப்பு பெருசாயிருக்குமோ?"

"ரோட்டோர வயல்ல அவ்வளவா இல்ல" என்றேன். சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் அரிசி களையப் போனேன்.

கொழுந்தன் லோடு ஆட்டோ கொண்டுவந்தான். பிளாஸ்டிக் நாற்காலியை அதில் போட்டு இவரை உட்கார வைத்தோம். மடியில் வண்டி. தெருவில் எல்லோரும் வண்டியைத்தான் பார்த்தார்கள், இவர் காலை யாரும் பார்க்கவில்லை. "என்ன மாமா, எத்தனை கிலோமீட்டர் குடுக்கும்?" என்று டீக்கடையில் ஒருத்தன் கிண்டல் பண்ணினான். "ஒங்க அப்பன் ஸ்கூட்டர விட ஜாஸ்தி குடுக்கும் போடா" என்று இவர் திருப்பிக் கொடுத்தார். இவர் வாயிலிருந்து கிண்டல் வந்து எத்தனை காலம் ஆயிற்று!

வயலில் வரப்போரமாக நாற்காலியைப் போட்டோம். நான் கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினேன். "இழுடி! இன்னும் வேகமா, வெடுக்குன்னு இழு!" என்று அதிகாரம் பறந்தது. வண்டி கிளம்பிக் காய்ந்த தாளடியில் குதித்துக் குதித்து ஓடியது. அடுத்த வரப்பைத் தாண்டிக் கண்ணுக்கு மறைந்தும், சத்தத்தை வைத்தே அது எங்கே திரும்புகிறது என்று கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். "பாத்தியா, கரண்ட்டு வண்டின்னா இந்நேரம் எங்க கெடக்குன்னு தேடணும்" என்று கொழுந்தனிடம் பெருமை வேறு. அன்றைக்கு நான் வரப்பில் சும்மா உட்கார்ந்திருந்தேன். சும்மா உட்கார்ந்து எவ்வளவோ நாளாயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

கொழுந்தன் லீவு முடிந்து போய்விட்டான். லோடு ஆட்டோக்காரர் காலையில் கொண்டுபோய் விடுவார், வெயில் ஏறுவதற்குள் கூட்டி வருவார். கயிறு இழுப்பது நான், எண்ணெய் ஊற்றுவது நான், புழுதி துடைப்பது நான். கையில் காப்புக் காய்த்துப்போயிற்று. ஆனாலும் இவர் வயலைப் பார்க்க ஆரம்பித்திருந்தார். வண்டி குலுங்குகிற இடத்தைப் பார்த்து, "அந்த மூலை பள்ளமா இருக்கே" என்பார். "வாய்க்கா ஓரம் வரப்ப நீயா போட்டே? நல்லாக் கட்டியிருக்கே" என்பார். இன்னும் கொஞ்ச நாளில் ஆட்களை ஏவுவார், ஆடிக்குள் சாகுபடியைக் கையில் எடுத்துக்கொள்வார் என்று நான் மனக்கோட்டை கட்டினேன்.

வைகாசி கடைசியில் எண்ணெய் தீர்ந்தது. சென்னைக் கடைக்காரர் பார்சலில் போட்டுவிட்டார். கும்பகோணம் பார்சல் ஆபீஸில் அதை மோந்து பார்த்தவன், "ஏம்மா, ஸ்பிரிட்டு வாசம் வருதே. இதக் குடிச்சா கண்ணு போயிடும் தெரியுமா? என்னையச் சாராயக் கேஸுல மாட்டி விடப் பாக்குறியா?" என்று விரட்டினான். பொம்மை காருக்கு எண்ணெய் என்று சொன்னேன். இந்த வயதில் பொம்மை காரா என்று ஏற இறங்கப் பார்த்தான். வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

இவருக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. "இன்ஜின்னா இன்ஜின்தானே. மருந்தடிக்கிற மிஷினுக்குக் கலக்குற மாதிரி பெட்ரோல்ல ஆயில ஊத்திக் கலக்கு" என்றார். மண்ணெண்ணெயிலும் டீசலிலும் பம்புசெட்டை ஓட்டியே பழகின ஊர். எதை ஊற்றினாலும் ஓடும் என்ற நம்பிக்கை எங்கள் ரத்தத்தில் ஊறியது. நானும் மறுபேச்சுப் பேசாமல் கலந்தேன். வயலில் வைத்துக் கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரு முனகல்கூட இல்லை. எண்ணெய் போகிற ரப்பர் குழாய் பெட்ரோலில் ஊறி, உப்பி, கழன்று விழுந்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஓடுனத ஓட விடாமப் பண்ணியாச்சு. இனி நாளைக்கு வீட்டுலயே சுவரப் பாத்துக்கிட்டு உக்காருங்க!" என்று கத்தினேன்.

அந்த நேரத்தில்தான் காரியஸ்தரின் மோட்டார் சைக்கிள் ரோட்டில் வந்து நின்றது.

இதற்காக இவரை நான் தயார் பண்ணி வைத்திருந்தேன். விவசாயச் சங்கத்துக்காரர் வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்திருந்தார். 'நான்தான் நின்னு சாகுபடி பண்றேன், பொஞ்சாதி ஒத்தாசைக்கு' என்று சொன்னால் போதும், பதிவை யாரும் அசைக்க முடியாது. இவரும் தலையாட்டியிருந்தார்.

காரியஸ்தர் வரப்பில் ஏறி வந்து, நாற்காலியைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், எண்ணெய்க் கையோடு நிற்கிற என்னைப் பார்த்தார். "அடடே, நெலத்துக்கு வந்தாச்சா? பொம்ம கார் ஓட்டுறதுதான் சாகுபடியா தம்பி? சரி, அது போகட்டும். போன ரெண்டு போகம் யாரு பண்ணுனா? மனசாட்சியத் தொட்டுச் சொல்லு."

இவர் வரப்புகளை ஒரு சுற்றுப் பார்த்தார். நான் சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றேன்.

"இவதாங்க பண்ணுனா" என்றார் இவர்.

சொல்லிக் கொடுத்ததெல்லாம் போயிற்று. காரியஸ்தர் சிரித்தார். "அப்பறம் என்ன? எழுதிக் குடுத்துடு."

"அதெப்படிங்க எழுதிக் குடுக்குறது? ஒரு மாசமா இங்க உக்காந்து பாக்குறேன். எல்லா வரப்பும் கட்டி வச்சிருக்கா. மடையில கல்லு மாத்தியிருக்கா. எங்கப்பா இருந்தப்பகூட இந்த வயலு இப்புடி இருந்ததில்ல. அவ ஒழைப்ப நான் எப்புடிங்க எழுதிக் குடுப்பேன்? எழுதுறதா இருந்தா இவ பேருக்கு மாத்தி எழுதுங்க, அதுல நான் கையெழுத்துப் போடுறேன். மனுப் போட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

"பொம்பள பேருலயா குத்தகை?"

"நட்டது பொம்பள. கட்டுனது பொம்பள. ஒங்களுக்கு நெல்லு அளந்து போட்டதும் பொம்பள. அப்பல்லாம் நீங்க இதக் கேக்கலையே?"

காரியஸ்தர் முகம் சுண்டிப்போயிற்று. சென்னைக்குக் கேட்டுச் சொல்கிறேன் என்று முணுமுணுத்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் எங்களை விரட்ட யாரும் வரவில்லை. பின்னால் தாலுகா ஆபீஸுக்கு நடையாய் நடந்து என் பெயரையும் சேர்த்துப் பதிந்தோம். சங்கத்துக்காரரே, "சொல்லிக் குடுத்தத விட ஒங்க வீட்டுக்காரர் நல்லாப் பேசிட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னார். இன்றைக்கும் அந்த வயலில் நெல்தான்.

அன்றைக்கு மோட்டார் சைக்கிள் போனதும் நான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை நிற்கவில்லை. இவர் பயந்துபோய், "ஏய், என்னடி ஆச்சு? நெலம்தான் தங்கிடுச்சே, எதுக்கு அழுவுற?" என்று கேட்டார். இவருக்குச் சந்தோஷம், முகமெல்லாம் தெரிந்தது. எனக்கு ஒரு பெரிய காரியம் செய்து கொடுத்துவிட்ட சந்தோஷம் அது. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

இனி நிலத்தோடு அத்தனை வேலையும் என் பெயரில்தான். அவ்வளவு பாடுபட்டுக் கயிறு இழுத்து இவரை வெளியே கொண்டுவந்தது, என்றைக்காவது ஒரு நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நீ வீட்டுக்குப் போடி, இனிமே நான் பாத்துக்குறேன்" என்று இவர் சொல்லுவார் என்பதற்காகத்தான்.